தீர்ப்புக்கு முன் செவி: புதுக்கோட்டைச் சூழலில் குடும்ப ஆற்றுப்படுத்துதல்

முன்னுரை

குடும்பப் பூசல் ஒன்று ஆயரிடம் வரும்போது பெரும்பாலும் அது ஒரு வழக்காகவே வருகிறது. கணவன் தரப்பில் சிலரும் மனைவி தரப்பில் சிலருமாகப் பெரியவர்கள் கூடுகின்றனர். தவறு யாருடையது என்பதை ஆயர் சொல்லிவிட வேண்டுமென எதிர்பார்க்கின்றனர். ஊர்ப் பஞ்சாயத்து பல தலைமுறைகளாகப் பழக்கிவைத்துள்ள முறை இது. சேகரக் குழுவும் தன்னையறியாமல் இதே முறையைக் கைக்கொள்ளுகிறது. இருதரப்பாருக்கும் புத்திமதி கூறப்படுகிறது. ஒரு சங்கீதம் வாசிக்கப்படுகிறது. ஜெபத்தோடு கூட்டம் முடிகிறது. சில வாரங்களில் அதே குடும்பம் மீண்டும் வருகிறது. அல்லது வராமலே நின்றுவிடுகிறது. வராமற் போனதைச் சமாதானம் என்று கணக்கில் எழுதிக்கொள்ளுவது தகாது.

இல்லத்தில் உரையாடலும் உறவும் சீர்ப்படுவதற்குக் குடும்ப ஆற்றுப்படுத்துதல் எவ்வாறு துணைசெய்யும் என்பதைப் புதுக்கோட்டை மாவட்டச் சூழலை முன்வைத்து இக்கட்டுரையில் ஆராய முயலுகிறோம். நாம் வலியுறுத்த விரும்புவது ஒன்றே. இல்லத்தில் எவருடைய சொல்லுக்கு இடமில்லாமற் போயிற்றோ, அவர் அச்சமின்றிப் பேச இடம் உண்டாக்குவதே ஆற்றுப்படுத்துவோரின் முதற் கடமை. அந்த இடம் உண்டாகாமல் செய்யப்படும் ஒப்புரவு நிலைப்பதில்லை.

1. சொல்லும் அதன் பொருளும்

இப்பணிக்கு நாம் வழங்கும் ‘ஆற்றுப்படுத்துதல்’ என்னும் சொல் பழந்தமிழிலிருந்து வந்தது. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை வகையைச் சார்ந்தவை. பொருநர், பாணர், கூத்தர் ஆகியோரைப் பற்றிய ஆற்றுப்படைகளில், பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன் ஒருவன் வறுமையில் வாடும் மற்றொருவனை வழியிற் கண்டு, தான் சென்ற வழியை அவனுக்கு எடுத்துரைக்கிறான். இங்கு இரண்டு உண்மைகள் கருதத்தக்கவை. வழி கூறுபவன் தானும் அவ்வழியே நடந்தவன். எனினும் இனி நடக்க வேண்டியவன் கேட்பவனே. அவனுக்காக மற்றவன் நடந்துவிட முடியாது.

மேலைநாட்டு உளவியலிலும் இதற்கு இணையான ஒரு திருப்பம் நிகழ்ந்தது. அமெரிக்க உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ் 1951இல் வெளியிட்ட தம் நூலில், உதவி நாடி வருபவரையே மையமாகக் கொண்ட ஆற்றுப்படுத்தும் முறையை விளக்கினார். அறிவுரையைக் காட்டிலும், மதிப்போடும் உள்ளுணர்வோடும் செவிகொடுத்தலே மாற்றத்திற்கு வழி என்பது அவருடைய கருத்து. அதே காலப்பகுதியில் வேறு சிலர், தனிமனிதரை மட்டும் நோக்காமல் குடும்பம் முழுவதையும் ஒன்றாக நோக்கும் முறையை வளர்த்தனர். வர்ஜீனியா சட்டிர் 1964இல் எழுதிய குடும்பச் சிகிச்சை நூல் இத்துறையின் தொடக்க நூல்களில் ஒன்றாகும்.

இந்தியாவில் இம்முயற்சிகள் மேலைநாட்டின் வெறும் நகலாக அமையவில்லை. அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் 1950களில் டாக்டர் வித்யா சாகர் நோயாளிகளின் உறவினரையும் வளாகத்திலேயே கூடாரங்களில் தங்கச் செய்து, அவர்களோடு உரையாடி, சிகிச்சையில் அவர்களைப் பங்காளிகளாக்கினார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் 1957 முதல் பாகாயத்தில் குடும்பத்தாரை நோயாளியோடு தங்கவைத்துப் பணிபுரிந்து வருகிறது. குடும்பத்தை நீக்கிவிட்டு ஒருவரைக் குணமாக்க இயலாது என்னும் உண்மையை நம் நாட்டு மருத்துவர்கள் தம் அனுபவத்தாலேயே கண்டறிந்தனர்.

2. புதுக்கோட்டை இல்லங்களின் நிலை

1974ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு புதுக்கோட்டை மாவட்டம் அமைக்கப்பட்டது. அதன் பெரும்பகுதி கண்மாய்களையும் ஆழ்துளைக் கிணறுகளையும் நம்பிய வறண்ட நிலம். கிழக்கே கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் முதலிய கரையோர ஊர்களில் மீன்பிடித்தலே பிழைப்பு. மழை பொய்த்தாலும் கடலுக்குச் சென்றவர் கைதானாலும் அதன் பளு அடுப்படிவரை வந்து சேருகிறது. 2018 நவம்பர் 16ஆம் நாள் வீசிய கஜா புயல், கீரமங்கலம், வடகாடு போன்ற பகுதிகளில் தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. ஒரு தலைமுறை உழைப்பு ஓரிரவில் வீழும்போது, கடனைப் பற்றிய பேச்சு கணவன் மனைவிக்கிடையே குற்றச்சாட்டாக மாறுவது எளிது.

வேலை தேடி ஆடவர் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் செல்லுவது இம்மாவட்டத்தில் பரவலாகக் காணப்படும் வழக்கம். இத்தகைய இல்லம் ஒன்றைக் கற்பனையாக எடுத்துக்கொள்ளுவோம். மகன் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருக்கிறார். அவர் அனுப்பும் பணம் தாயாரின் வங்கிக் கணக்கிற்கு வருகிறது. மருமகள் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்திற்கும் மாமியாரிடம் கேட்க வேண்டியுள்ளது. இரவு ஒன்பதரை மணிக்கு வீட்டு வேலை முடிந்து அவர் கணவரை அழைக்கும்போது அங்கே நள்ளிரவு. களைத்துறங்கப் போகும் கணவரிடம் கிடைக்கும் சில நிமிடங்களில் நாள் முழுவதும் சேர்ந்த குறை வெளிப்படுகிறது: “அத்தை எல்லாத்துக்கும் கணக்குக் கேக்குறாங்க, நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?” கணவரோ, “அம்மாவை அனுசரிச்சுப் போ” என்று சொல்லி முடித்துவிடுகிறார். மறுநாள் தாயாரும் அழைத்துத் தம் குறையைச் சொல்லுகிறார். ஒரே வீட்டிலுள்ள இருவர் ஒருவரோடொருவர் பேசாமல், கடல் கடந்துள்ள மூன்றாமவர் வழியாகப் பேசிக்கொள்ளுகின்றனர்.

3. உரையாடல் திரியும் வகைகள்

அமெரிக்க மனநல மருத்துவர் மர்ரே போவன் இத்தகைய அமைப்பை ‘முக்கோணம்’ என்று அழைத்தார். இருவருக்கிடையே அழுத்தம் மிகும்போது மூன்றாமவர் ஒருவரை உள்ளிழுத்து அவ்வழுத்தத்தைத் தணித்துக்கொள்ளுவது மனித இயல்பு. அம்மூன்றாமவர் பிள்ளையாக இருக்கலாம், நாத்தனாராக இருக்கலாம், ஆயராகவும் இருக்கலாம். ஆயர் ஒருதரப்பின் தூதுவராக மாறும்போது அவரும் முக்கோணத்தின் ஒரு முனையாகிவிடுகிறார். ஆகவே, “நீங்க அவர்கிட்டச் சொல்லுங்கய்யா” என்னும் வேண்டுகோளை ஏற்குமுன், “இதை நீங்களே அவரிடம் சொல்லுவதற்கு எது தடையாயிருக்கிறது?” என்று வினவுதல் நன்று. பல வேளைகளில் பூசலின் வேர் அவ்வினாவிற்குக் கிடைக்கும் விடையில் வெளிப்படும்.

அழுத்தத்தில் இருப்போர் பேசும் முறைகளில் நான்கினைச் சட்டிர் எடுத்துக்காட்டினார். ஒருவர் எதற்கும் இணங்கி, தம்மைத் தாழ்த்திச் சமாளிப்பார். ஒருவர் எதற்கும் பிறரைக் குற்றஞ்சாட்டுவார். ஒருவர் உணர்ச்சியை மறைத்து நியாயங்களையும் கணக்குகளையும் மட்டும் பேசுவார். மற்றொருவர் பேச்சைத் திசைதிருப்பி வேடிக்கையாக்குவார். இந்நான்கும் அச்சத்தை மறைக்கும் போர்வைகளே என்பது அவர் கருத்து. உள்ளத்தில் இருப்பதும் வாயில் வருவதும் ஒத்திருக்கும் பேச்சே நலமான பேச்சாகும். நம் இல்லங்களில் முதல் வகையைப் பெண்ணின் பொறுமை என்றும், இரண்டாம் வகையை ஆணின் கண்டிப்பு என்றும் போற்றிவிடுவதால், அவற்றின் பின்னாலுள்ள அச்சம் கவனிக்கப்படாமற் போகிறது.

மேற்கூறிய மாமியாரிடமும் ஓர் அச்சம் உண்டு. மகனின் பயணத்திற்காக முகவருக்குக் கொடுத்த தொகை அவருடைய நகைகளை அடகு வைத்துப் பெற்றதாக இருக்கலாம். பணம் தம் கணக்கிற்கு வருவதே அவ்வீட்டில் தமக்கு இன்னும் இடம் உண்டு என்பதற்கு அவர் காணும் ஒரே சான்றாகவும் இருக்கலாம். இதைக் கேட்டறியாமல், “பணத்தை மனைவிக்கு அனுப்பு” என்று தீர்ப்புரைத்தால் ஒருவருடைய காயம் மற்றவருக்கு மாற்றப்படுமேயன்றி ஆறாது.

4. பேச இடமற்றோர்

உரையாடலின் குறை பேசும் திறமையின் குறையாக மட்டும் இருப்பதில்லை. பேசுவதற்கு உரிய இடமே மறுக்கப்படுவதும் உண்டு. இதனைத் தெளிவாக உணர்த்தும் நிகழ்ச்சி புதுக்கோட்டையிலேயே நடந்தது. இஸ்லாமியக் குடும்பங்களின் மணவிலக்கு, மஹர், வரதட்சணை முதலிய வழக்குகளை ஆண்கள் மட்டுமே அமர்ந்த ஜமாஅத்துகள் தீர்த்துவந்தன. தன் வழக்கிலேயே தன் சொல்லைக் கூறப் பெண்ணுக்கு அங்கு இடமில்லை என்பதைக் கண்ட ஷரீஃபா கானம், புதுக்கோட்டையை மையமாகக் கொண்டு ‘ஸ்டெப்ஸ்’ என்னும் பெண்கள் அமைப்பின் வழியாகப் பணியாற்றி வந்தார். அவரும் அவரோடு இருந்த பெண்களும் 2004ஆம் ஆண்டளவில் பெண்கள் ஜமாஅத்தைத் தோற்றுவித்தனர். பெண்கள் அங்கு வந்து தம் நிலையைத் தம் வாயால் கூறினர், எதிர்த்தரப்பாரும் அழைக்கப்பட்டனர். இப்பணியைத் தீபா தன்ராஜ் 2011இல் ஓர் ஆவணப்படமாகப் பதிவு செய்தார்.

இதனைப் பிற சமயத்தாரின் உள்விவகாரம் என்று நாம் ஒதுக்கிவிடலாகாது. நம் சேகரக் குழுக்களில் ஒரு குடும்ப விவகாரம் பேசப்படும்போது அங்கு அமர்ந்திருப்போர் யார்? சம்பந்தப்பட்ட பெண் தன் சொல்லால் பேசுகிறாரா, அன்றித் தந்தையோ தமையனோ அவருக்காகப் பேசுகின்றனரா? இளைய மகனுக்கும் பள்ளி செல்லும் மகளுக்கும் அங்கு குரல் உண்டா? இவ்வினாக்கள் நம்முடையவையும் ஆகும்.

இதே மாவட்டத்தின் மற்றோர் அனுபவமும் நினைவுகூரத்தக்கது. 1991 முதல், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் காலத்தில் நடைபெற்ற அறிவொளி இயக்கத்தின்போது, கல்லுடைக்கும் தொழிலாளர் உட்படப் பல்லாயிரம் கிராமப்புறப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றனர். தண்ணீருக்கும் சந்தைக்கும் பேருந்திற்கும் தந்தையையோ கணவரையோ எதிர்பார்த்து நின்ற நிலை இதனால் குறைந்தது என்பதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியுள்ளார். எல்லாவற்றிற்கும் பிறரைச் சார்ந்திருப்பவர் கூறும் ‘ஆம்’ என்னும் சொல்லில் எவ்வளவு அச்சம் கலந்துள்ளது என்று அறிய முடியாது. சார்பு குறையும்போதே உரையாடல் இரு மனிதர்களின் உரையாடலாகத் தொடங்குகிறது.

5. ஆயர் செய்யத்தக்கவை

அ. தனித்தனியே செவிகொடுத்தல். ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்தில் ஆண்டவர் தீர்ப்பை அறிவிக்குமுன் வினாக்களையே கேட்கிறார். ஆணிடமும் பெண்ணிடமும் தனித்தனியே கேட்கிறார். ஆண் கூறியதை வைத்துப் பெண்ணின் வழக்கை அவர் முடித்துவிடவில்லை. முதற் சந்திப்புகளை ஒவ்வொருவரோடும் தனியே அமைத்துக்கொள்ளுவது நலம். பெண்களைச் சந்திக்கும்போது பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் உடனிருத்தல் அல்லது பிறர் பார்வைக்குட்பட்ட இடத்தில் அமர்தல் இருவருக்கும் பாதுகாப்பாகும்.

ஆ. மௌனத்தைப் பொறுத்தல். யோபுவின் நண்பர்கள் ஏழுநாள் பேசாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்தபோது நல்ல ஆற்றுப்படுத்துவோராக இருந்தனர். விளக்கம் கூறத் தொடங்கியபோதே அவர்கள் தவறினர். அழுகின்றவரை உடனே ஜெபத்தால் நிறுத்திவிடுவதும் ஒருவகையில் அவர் வாயை அடைப்பதேயாகும்.

இ. கேட்டதைத் திருப்பிக் கூறச்செய்தல். இருதரப்பாரும் சேர்ந்து அமரும்போது, ஒருவர் கூறியதை மற்றவர் தம் சொற்களில் திருப்பிக் கூறட்டும். “நான் சொன்னது அதுதான்” என்று முதலாமவர் ஏற்றபின்னரே மற்றவர் விடையளிக்கட்டும். முதலில் இது சிறுபிள்ளை விளையாட்டைப் போலத் தோன்றும். ஆயினும், மறுமொழியை மனத்தில் ஆயத்தம் செய்துகொண்டே கேட்கும் பழக்கம் இதனால் தளர்கிறது. “நீ எப்போதும் இப்படித்தான்” என்பதற்கு மாறாக, “அன்றைக்கு நீங்க அப்படிச் சொன்னப்ப எனக்கு இப்படி இருந்துச்சு” என்று பேசப் பழக்குவதும் பயன்தரும்.

ஈ. சிறியதொரு உடன்பாடு. பெரிய வாக்குறுதிகளைப் பெறுவதைவிட, இரு வாரங்களில் செய்து பார்க்கக்கூடிய ஒரு செயலை முடிவுசெய்தல் சிறந்தது. நாம் எடுத்துக்கொண்ட இல்லத்தில், பள்ளிக் கட்டணமும் வீட்டுச் செலவும் மருமகளின் கணக்கிற்கும், நகை மீட்கும் தொகையும் மருந்துச் செலவும் தாயாரின் கணக்கிற்கும் வரலாம். ஞாயிறு பிற்பகலில் மூவரும் ஒரே அழைப்பில் சேர்ந்து பேசலாம். இவற்றை ஆயர் விதிக்காமல் அவர்களே பேசி முடிவு செய்யட்டும். குறித்த நாளில் மீண்டும் சந்தித்து, நடந்ததையும் நடவாததையும் குற்றஞ்சாட்டாமல் பேசுதல் வேண்டும்.

உ. இரகசியம் காத்தல். சிறிய சபையில் பெயர் கூறாமற் சொன்னாலும் ஆள் யாரென்பது விளங்கிவிடும். ஆற்றுப்படுத்துதலில் கேட்ட செய்தி பிரசங்கத்தில் உவமையாக வருமாயின், அதன்பின் அச்சபையில் எவரும் ஆயரிடம் மனந்திறந்து பேசமாட்டார்.

6. எல்லைகளை அறிதல்

ஆற்றுப்படுத்துதல் எல்லாவற்றிற்கும் மருந்தாகாது. அடியும் மிரட்டலும் உள்ள இல்லத்தில் கணவன் மனைவியை ஒன்றாக அமர்த்தி, மனந்திறந்து பேசும்படி கேட்பது ஆபத்தானது. அங்கு கூறிய உண்மைக்காக அப்பெண் அன்றிரவே அடிபட நேரலாம். முதலில் நாடவேண்டியது பாதுகாப்பே. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி பாதுகாப்பு அலுவலர்கள் நியமிக்கப்படுகின்றனர். கணவர் இல்லத்தில் வசிக்கும் உரிமையும் பெண்ணுக்கு உண்டு. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 ஆகிய உதவி எண்கள் உள்ளன. குழந்தைகளுக்கெதிரான பாலியல் குற்றத்தை அறிந்த எவரும் அதனைத் தெரிவிக்க வேண்டுமென 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம் கட்டளையிடுகிறது. சபையின் நற்பெயரைக் காரணங்காட்டி இதனை மறைக்க ஆயருக்கு உரிமை இல்லை.

துன்புறும் மனைவியைத் திருப்பியனுப்புவதற்கு ஆதியாகமம் பதினாறாம் அதிகாரத்தில் ஆகார் சாராளிடம் திரும்பிச் சென்றதை எடுத்துக்காட்டுவோர் உண்டு. அவர்கள் இருபத்தொன்றாம் அதிகாரத்தையும் வாசிக்க வேண்டும். அங்கே ஆகார் திருப்பியனுப்பப்படவில்லை. வனாந்தரத்திலேயே அவள் பிள்ளையின் குரல் கேட்கப்படுகிறது; தண்ணீர்த் துரவு காட்டப்படுகிறது. ‘பொறுத்துப் போ’ என்னும் ஒரே விடையைத் திருமறையின் விடையாக ஆக்கிவிட நமக்கு அதிகாரம் இல்லை.

குடிநோயும் மனநோயும் பயிற்சி பெற்றோரின் சிகிச்சைக்குரியவை. சென்னையில் 1980இல் தொடங்கப்பட்ட டி.டி. ரங்கநாதன் ஆய்வு அறக்கட்டளையின் மருத்துவமனை, குடிநோயாளியோடு அவருடைய குடும்பத்தாருக்கும் ஆற்றுப்படுத்துதல் அளித்துவருகிறது. 14416 என்னும் எண்ணில் அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி 2022 முதல் கிடைக்கிறது. தம்மால் இயலாததை அறிந்து உரிய இடத்திற்கு வழிகாட்டுவதும் ஆற்றுப்படையே.

7. திருமணத்திற்கு முன்

மூன்று ஞாயிறுகள் விவாக அறிக்கை வாசிக்கிறோம். ஆனால் மணமக்கள் இருவரும் பணம், பெற்றோர் பராமரிப்பு, வேலை, பிள்ளைப்பேறு ஆகியவற்றைப் பற்றி ஒருவரோடொருவர் பேசியதுண்டா என்று கேட்பது அரிது. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்து, மன்னர் கல்லூரியில் முதல் மாணவியாகப் பயின்று, 1912இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி, 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணக்க இசைந்தபோது ஒரு நிபந்தனை கூறினார். தம்மை எப்போதும் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கலாகாது என்பதே அது. சுந்தர ரெட்டி அதற்கு உடன்பட்டார். நூறாண்டுகளுக்கு முன்னரே இம்மண்ணின் மகள் ஒருவர் பேச முடிந்ததை இன்றைய மணமக்கள் பேசுவதற்கு ஆயர் ஒரு மாலைப்பொழுதையேனும் ஒதுக்கித் தரலாம். விவாக அறிக்கைக் காலத்தில் இருவரையும் இரண்டு அல்லது மூன்று முறை சந்திப்பது, பின்னாளில் பல சந்திப்புகளைத் தவிர்க்கும்.

முடிவுரை

1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டங்கூட, வழக்கை விசாரிக்குமுன் உடன்பாட்டிற்கு முயலவேண்டும் என நீதிபதிக்குக் கட்டளையிட்டு, ஆற்றுப்படுத்துவோருக்கு இடமளிக்கிறது. தீர்ப்பு வழங்குவதையே தொழிலாகக் கொண்ட மன்றம் இதனை உணர்ந்திருக்க, மேய்ப்பர் தீர்ப்பாளராக இருக்க விரும்புவது பொருந்தாது.

லூக்கா பதினைந்தாம் அதிகாரத்துத் தந்தை இருமுறை வீட்டைவிட்டு வெளியே வருகிறார்: தொலைவில் வரும் இளைய மகனை எதிர்கொள்ள ஒருமுறை, உள்ளே வர மறுத்து நின்ற மூத்த மகனிடம் பேச மற்றொருமுறை. மூத்தவனின் கசப்பான சொற்களை அவர் இடைமறிக்காமல் முழுவதும் கேட்கிறார். அவன் உள்ளே வந்தானா என்பது அவ்வுவமையில் கூறப்படவில்லை. நாம் சந்திக்கும் இல்லங்களிலும் முடிவு நம் கையில் இல்லை. வாசலுக்கு வெளியே நிற்பவர் யார் என்று கண்டு, அவரிடம் சென்று, அவர் சொல்லி முடிக்கும்வரை செவிகொடுத்தல் நம் கையில் உள்ளது. வரும் வாரத்து வீடு சந்திப்பில், இதுவரை நம்மிடம் பேசாத ஒருவர் ஒவ்வொரு இல்லத்திலும் உண்டா என்று நோக்கத் தொடங்குவோமாக.